சாமியார் பட்டாளம் நாட்டை மீட்குமா?

சென்ற மாதம் கறம்பக்குடியில் நாம் பேசி முடித்து உட்கார்ந்த பிறகு, கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஓர் இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, மதத்தை இவ்வளவு தூரம் கண்டிக்கிறீர்களே, வெள்ளைக்காரன் இந்த நாட்டைப் பிடித்தபோது கத்தி எடுத்து எதிர்த்தவர்கள் வங்காளத்துச் சாமியார்களும் பக்கிரிகளும்தானே? மதம் இல்லாவிட்டால் அந்த வீரம் எங்கிருந்து வந்திருக்கும்? இன்றைக்கும் நாட்டைக் காக்க அப்படி ஒரு பட்டாளம் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?” என்பது அவர் கேள்வி. கை தட்டியவர்களும் உண்டு. இரவு நேரமாகிவிட்டபடியால் அன்று நாம் சுருக்கமாகவே பதில் சொல்ல நேர்ந்தது. கேட்டவர் யோக்கியமான எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் இதே கேள்வியை முதலாக வைத்துக்கொண்டு, இளைஞர்கள் கையில் தடியைக் கொடுத்து, “மதத்தைக் காக்க வா, அதுதான் நாட்டைக் காப்பது” என்று திரட்டுகின்ற வேலை பல ஊர்களில் நடந்துவருவதால், விஷயத்தை விரிவாக எழுத வேண்டியது அவசியமாகின்றது.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு விடுகின்றோம். கம்பெனி ஆட்சி கொள்ளை ஆட்சிதான். 1757-ல் பிளாசியிலும் 1764-ல் பக்சாரிலும் ஜெயித்த கம்பெனியார், 1765-ல் டில்லி பாதுஷாவிடமிருந்து வங்காளம், பீகார், ஒரிசா நாடுகளில் வரி வசூலிக்கும் உரிமையாகிய திவானியைப் பெற்றார்கள். ஐந்து வருஷத்துக்குள் 1769-70-ல் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. ஜனங்களில் மூன்றில் ஒரு பங்காவது மாண்டிருப்பார்கள் என்று வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-ல் சீமைக்கு எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றையும் எழுதினார்: 1771-ஆம் வருஷத்து வரி வசூல், பஞ்சத்துக்கு முந்திய 1768-ஆம் வருஷத்து வசூலையும் மிஞ்சிவிட்டதாம்! மூன்றில் ஒருவன் செத்தும் வரி குறையவில்லை. எப்படியென்றால், செத்தவன் கட்ட வேண்டிய வரியை அவன் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டினார்கள். அதற்கு ‘நாஜாய்’ என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆட்சியை எதிர்த்துக் கத்தி எடுத்தவன் எவனாயிருந்தாலும், அவனைப் பழிக்க நாம் வரவில்லை.

அவர்கள் சண்டையிட்டதும் மெய்தான். 1763-லேயே டாக்காவிலிருந்த கம்பெனிப் பண்டகசாலையைப் பக்கிரிக் கூட்டம் ஒன்று தாக்கிப் பிடித்தது. 1772-ஆம் வருஷம் டிசம்பர் முடிவில் ரங்கபூர்ப் பக்கத்தில் காப்டன் தாமஸ் என்பவன் கொல்லப்பட்டான். அடுத்த வருஷமே காப்டன் எட்வர்ட்ஸ் என்பவனும் மடிந்தான். காப்டன் தாமஸ் செத்த சண்டையைப் பற்றிக் கம்பெனி அதிகாரி ஒருவர் மேலே எழுதினார். குடியானவர்கள் சிப்பாய்களுக்கு ஒத்தாசை செய்யவில்லை என்றும், தடிகளை எடுத்துக்கொண்டு வந்து சாமியார்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்றும், புல்லுக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்றும் அதில் முறையிட்டிருக்கின்றார். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நன்றாய் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாமியார்களுக்கு ஜெயம் கொடுத்தது ஜபமாலையல்ல. பட்டினி கிடந்த குடியானவன் கையிலிருந்த தடிதான்.

நிற்க, அந்தச் சாமியார்களும் பக்கிரிகளும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைப் பார்ப்போம். வருஷந்தோறும் கூட்டங் கூட்டமாக வங்காளத்துக்கு வந்து, தீர்த்தமாடி, தர்க்காக்களைக் கும்பிட்டு, வழியில் ஜமீன்தார்களிடமும் குடிகளிடமும் காணிக்கை வாங்கிப் போவது அவர்களின் நெடுநாள் வழக்கம். ஆயிரக்கணக்கில் ஆயுதத்தோடு வந்து வாசலில் நிற்கிறவனுக்குக் கொடுப்பது காணிக்கையா, கப்பமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். வரியெல்லாம் தனக்கே வர வேண்டும் என்ற கம்பெனி இந்த வசூலைத் தடுத்தது. பக்கிரிகளின் தலைவரான மஜ்னு ஷா, நாட்டோர் ஜமீன் ராணி பவானிக்கு 1772-ல் ஒரு முறையீடு அனுப்பினார். காரணமில்லாமல் 150 பக்கிரிகள் கொல்லப்பட்டார்கள், நெடுங்காலமாய் நாங்கள் பிச்சை எடுத்துத் தர்க்காக்களைத் தொழுதுவந்த நாட்டில் எங்களுக்கு இக்கதியா என்பது அதன் சாரம். கொன்றது அநியாயம்தான். ஆனால் அது பிச்சையையும் தர்க்காவையும் பற்றிய வழக்கே தவிர, குடியானவனின் நாஜாய் வரியைப் பற்றிய வழக்கல்ல.

சாமியார்களோ வெறும் பிச்சைக்காரர்களும் அல்ல. கோசாயிகள் என்று சொல்லப்பட்ட அவர்களில் பலர் காசி, மிர்சாபூர் முதலிய இடங்களில் பட்டு வியாபாரமும் லேவாதேவியும் செய்துவந்த பெரும் பணக்காரர்கள். கம்பெனிக்குக் கிஸ்தி கட்டப் பணமில்லாத ஜமீன்தார்களுக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. அந்த வட்டியை ஜமீன்தார் தன் அரண்மனையை விற்றா கட்டுவான்? குடிகளைக் கசக்கித்தான் கட்டுவான். ஆகவே வரியைப் பிடுங்கினவன் வெள்ளைக்காரன். வட்டியைப் பிடுங்கினவன் காவிக்காரன். இரண்டையும் அழுதவன் குடியானவன். கடைசியில் இந்த இருவரும் சண்டை போட்டுக்கொண்டபோது, அதற்கும் தடி எடுத்துக்கொண்டு போய்ச் செத்தவன் அதே குடியானவன்!

மதத்துக்காகப் படை என்கின்றார்களே, அந்தப் படைக்குள்ளேயாவது எல்லாரும் சமமா என்றால் அதுவும் இல்லை. சங்கராச்சாரியார் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தசநாமித் துறவிகளில், கையில் தண்டம் ஏந்தும் தண்டி சாமியார் ஆக வேண்டுமானால் பிராமணனாய்ப் பிறந்திருக்க வேண்டும். அம்மணமாய்ச் சாம்பல் பூசிக்கொண்டு கத்தி ஏந்தும் நாகா ஆவதற்கு மற்ற ஜாதியானும் வரலாம். அதாவது வேதாந்தம் பேசிக் காலில் விழுந்து கும்பிடப்படுவதற்கு ஒரு பிறவி. வெட்டுப்பட்டுச் சாவதற்கு மற்றொரு பிறவி. உலகத்தைத் துறந்தவனுக்கும் ஜாதியைத் துறக்க மனம் வரவில்லை என்றால், அவன் எடுத்த கத்தி யாருடைய விடுதலைக்கு உதவும் என்று கேட்கின்றோம்.

அந்தக் கத்தி அதிகமாய்ப் பதம் பார்த்தது யாரை என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கின்றது. 1567-ல் குருக்ஷேத்திரக் குளத்தங்கரையில் காணிக்கை வாங்க உட்காரும் இடத்துக்காக இரண்டு சந்நியாசிக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டன; அக்பர் பாதுஷா அதை நேரில் வேடிக்கை பார்த்தார். 1760-ல் அரித்துவாரக் கும்பமேளாவில் சைவ சந்நியாசிகளும் வைணவ வைராகிகளும் மோதி ஏராளமானவர்கள் மாண்டார்கள். 1796-ல் அதே அரித்துவாரத்தில் கோசாயிகளுக்கும் சீக்கியர்களுக்கும் நடந்த சண்டையில் சுமார் 500 பேர் செத்தார்கள். இந்த 1796 என்ன வருஷம்? கம்பெனிக்காரன் வங்காளத்தை விழுங்கி, மைசூரைப் பாதி விழுங்கி, மீதியை விழுங்கக் காத்துக்கொண்டிருந்த வருஷம். அப்பொழுது நம் மதவீரர்கள் மேளாவில் யாருக்கு முதலிடம் என்பதற்காகக் கத்தி வீசிக்கொண்டிருந்தார்கள். வங்காளத்திலும், கம்பெனியை எதிர்த்த பக்கிரிகளும் நாகா சாமியார்களும் பின்னால் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு பெரிய மனிதரின் கதையையும் கேளுங்கள். அனூப்கிரி கோசாயி என்பவர், ஹிம்மத் பகதூர் என்று பட்டம் பெற்றவர், ஆயிரக்கணக்கான நாகாக்களுக்குச் சேனாதிபதி. வங்காளத்துக் கூட்டத்தைச் சேர்ந்தவரல்ல என்றாலும் அதே தசநாமிக் குட்டையில் ஊறின மட்டைதான். 1761-ல் பானிப்பட்டில் இந்து மராட்டியரை எதிர்த்து ஆப்கானிய அப்தாலியின் பக்கத்தில் நின்றார். 1764-ல் பக்சாரில் அயோத்தி நவாபுக்காகக் கம்பெனியோடு சண்டையிட்டார். 1803-ல் அதே கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பெரும் ஜாகீரைப் பேசி வாங்கிக்கொண்டு, பந்தேல்கண்டு நாட்டை வெள்ளைக்காரன் பிடிப்பதற்கு வழி திறந்துவிட்டார். மதத்துக்கும் துரோகமில்லை, தேசத்துக்கும் துரோகமில்லை, கூலிக்கு மட்டும் விசுவாசம்! கத்தி சாமியின் பெயரால் இருந்தால் அதைக் கணக்குக் கேட்கக் குடிகளுக்கு உரிமை இல்லை. ஆகவே அது விலை கொடுப்பவன் பக்கம் சாயும். கேள்வி கேட்ட தோழர் இந்தக் கதையை ஏன் கேள்விப்படவில்லை? சொல்ல வேண்டியவர்கள் மறைத்தார்கள், அவ்வளவுதான்.

மறைத்ததோடு நில்லாமல் புதுக்கதையும் கட்டினார்கள். சர்க்காரில் டிப்டி மாஜிஸ்திரேட்டு உத்தியோகம் பார்த்த பங்கிம் சந்திர சட்டர்ஜி, 1882-ல் ‘ஆனந்தமடம்’ என்ற நாவலை வெளியிட்டார். சந்நியாசிகளைத் தேசபக்தர்களாக்கியது அந்த நூல்தான். மெய்யான சண்டையில் முன்னணியில் நின்ற மஜ்னு ஷாவும் அவருடைய பக்கிரிகளும் முஸ்லிம்கள். நாவலில் அவர்களைத் தேடினால் அகப்பட மாட்டார்கள். முஸ்லிம்கள் அங்கே சத்துருவாகத்தான் வருகின்றார்கள். இது போகட்டும். கடைசியில் வெள்ளைக்காரனையாவது விரட்டினார்களா என்றால், ஒரு மகான் தோன்றி, இங்கிலீஷ்காரன் ஆட்சி வந்தாக வேண்டும், சண்டையை நிறுத்து என்று சொல்ல, சந்நியாசி அடங்கிப் போவதாக நூல் முடிகின்றது! கூடச் சண்டையிட்ட முஸ்லிமைப் பகைவனாக்கி, எதிர்த்துச் சண்டையிட்ட வெள்ளைக்காரனை விதியாக்கிய இந்தக் கதைதான், கறம்பக்குடி இளைஞர் வரைக்கும் ‘சரித்திரம்’ என்று வந்து சேர்ந்திருக்கின்றது. மெய்ச் சரித்திரத்தின் முடிவு என்ன? 1800 வாக்கில் சாமியார் பக்கிரிக் கலகம் அடங்கிற்று. வெள்ளைக்காரன் போனது 1947-ல்.

“இதெல்லாம் இருநூறு வருஷத்துப் பழங்கதை” என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் நேற்று நடந்ததைப் பார்ப்போம். நம் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போய்வந்தவர்கள், பக்கத்திலிருந்த ஈராக்கில் நடந்ததை நன்றாய்க் கேள்விப்பட்டிருப்பார்கள். 2003 மார்ச்சில் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் அந்நாட்டுக்குள் புகுந்தார்கள். ஏப்ரலில் பாக்தாத் விழுந்தது. மே மாதம் ஈராக்கின் பட்டாளத்தையே ஓர் உத்தரவு போட்டுக் கலைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான ஆயுதம் பழகின ஆண்கள் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். வெளிச்சமில்லை, தண்ணீரில்லை, போலீசுமில்லை. அந்தச் சமயத்தில்தான் முக்ததா சதர் என்ற இளம் மதகுரு ‘மஹ்தி சேனை’ என்ற ஒன்றைத் தொடங்கினார். பன்னிரண்டாவது இமாம் மறைந்திருக்கின்றார், கடைசிக் காலத்தில் மஹ்தியாக வருவார் என்பது ஷியா பிரிவினரின் நம்பிக்கை. வராதவர் பெயரால் வந்தவர்கள் படை திரட்டினார்கள்.

அந்தச் சேனைக்காரர்கள் முதலில் என்ன செய்தார்கள்? பாக்தாதின் ஏழைகள் நிறைந்த சதர் நகரத்தில் உணவு வழங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குக் காவல் நின்றார்கள். தெருவில் நின்று வண்டிகளுக்கு வழி காட்டினார்கள். 2004-ல் நஜபில் அமெரிக்கப் பட்டாளத்தோடு நேருக்கு நேர் சண்டையும் போட்டார்கள். ஏழை ஜனங்கள் வாழ்த்தினார்கள். பிறகு என்ன நடந்தது? 2006 பிப்ரவரி 22-ந் தேதி சமாராவிலிருந்த ஷியாக்களின் பெரிய மசூதியில் குண்டு வைத்தார்கள். அதன் பின் பாக்தாத் தெருக்களில் காலைதோறும் பிணங்கள் கிடந்தன. பேரைக் கேட்டு ஆளைக் கொன்றார்கள். உமர் என்று பேர் வைத்த பாவத்துக்கு ஒரு பக்கத்தார் கொன்றார்கள். அலி என்று பேர் வைத்த பாவத்துக்கு மறுபக்கத்தார் கொன்றார்கள். இந்தக் கொலைகளில் மஹ்தி சேனைக்காரர்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. 2007 ஆகஸ்டில் கர்பலாவில் இமாமின் பிறந்த நாள் விழாவிலேயே, ஷியா சேனைக்கும் ஷியா காவலர்களுக்கும் சண்டை மூண்டு ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகுதான் சதர் தம் சேனையின் ஆயுத வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அந்நியனைத் துரத்தப் புறப்பட்ட துப்பாக்கி, அடுத்த வீட்டுக்காரனைச் சுட்டு, கடைசியில் தன் வீட்டுக்காரனையும் சுட்டது. அரித்துவாரத்துக்கும் கர்பலாவுக்கும் என்ன வித்தியாசம்? சாமியின் பேர்தான் வித்தியாசம்.

ஆகவே, மதப் பட்டாளம் எப்படி முளைக்கின்றது என்பது இப்பொழுது விளங்கும். பக்தி பெருகுவதால் அது முளைப்பதில்லை. அந்நியன் வந்து இருந்த அரசைக் கலைத்து, பசியையும் வேலையில்லாத சிப்பாயையும் தெருவில் விட்டுவிடுகின்றான். அப்பொழுது ஜனங்கள் ஒன்றுகூட வேறு ஸ்தாபனம் இல்லாமற் போனால், மடமும் மசூதியும்தான் மிஞ்சுகின்றன. அங்கே பணமிருக்கின்றது, கூடுமிடமிருக்கின்றது, சொன்னதைக் கேட்கும் கூட்டமிருக்கின்றது. முதல் நாள் அவன் கஞ்சி ஊற்றுகின்றான். இரண்டாம் நாள் காவல் நிற்கின்றான். மூன்றாம் நாள் நம் வாசலில் நின்று, யாரைக் கும்பிடுகிறாய், எதைத் தின்கிறாய், உன் வீட்டுப் பெண் எங்கே போகிறாள் என்று கேட்கின்றான். முதல் நாள் கஞ்சி குடித்தவன் மூன்றாம் நாள் எதிர்த்துக் கேட்க முடியுமா? இதற்கு அந்நியன் செய்த குற்றமும் பெரிது. அந்தக் குற்றத்தை மூலதனமாக்கிக்கொண்ட மதக்காரன் செய்த குற்றமும் பெரிது.

இனி, “மதமில்லாவிட்டால் வீரம் எங்கிருந்து வரும்” என்ற கேள்விக்கு வருகின்றோம். தோழர் இதற்காக வங்காளம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்திலிருக்கும் சிவகங்கைச் சீமைக்குப் போனால் போதும். 1801 ஜூன் 16-ந் தேதியிட்ட மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அது எல்லா ஜாதியாரையும் முசல்மான்களையும் சேர்த்து அழைத்தது. அதிலும் சாமி பேரைச் சொல்லிச் சாபம் இருக்கத்தான் செய்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் அதன்படி சண்டைக்கு வந்தவன் மண்ணுக்காக வந்தான், மடத்துக்காக வரவில்லை. 1801 அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் யார் பக்கம் இருந்தார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவரும் சாமி கும்பிட்டவர்தான்! கும்பிடுவதால் வீரமும் வரவில்லை, மானமும் வரவில்லை என்பதற்கு இது போதாதா?

சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு ஒரு பட்டாளம் எதற்கு என்பதையும் கேட்டுவைக்கின்றோம். உலகத்தைப் படைத்தவனைக் கறம்பக்குடிச் சந்தைக்குப் போகிற பையன் தடி பிடித்துக் காப்பாற்ற வேண்டுமென்றால், கடவுள் பையனைக் காப்பாற்றுகிறாரா, பையன் கடவுளைக் காப்பாற்றுகிறானா? உண்மை என்னவென்றால், காப்பாற்றப்படுவது கடவுளுமல்ல, பையனுமல்ல. தடியைக் கொடுத்தவனின் பீடம்தான்.

அப்படியானால் என்ன செய்வது? கறம்பக்குடியாருக்கு நாம் புதிதாய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்து, தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, வீட்டுக் கூரை பறந்து, நாள் கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தபோது, பாதையில் விழுந்த மரத்தை முதலில் அறுத்துத் தள்ளியவர்கள் யார்? ஊர்ப் பிள்ளைகள்தான். அரிவாளுக்கு ஜாதி இருந்ததா? கஞ்சிப் பானைக்கு மதம் இருந்ததா? சர்க்கார் வருவதற்கு முன்னால் அன்று வந்த அந்தப் பிள்ளைகள்தான் ஒரு நாட்டுக்கு வேண்டிய பட்டாளம். அந்தப் பட்டாளம் புயலோடு கலைந்து போனதுதான் தப்பு. அதை வாசகசாலையாகவும், விவசாயிகள் சங்கமாகவும், கூலிக்காரர் சங்கமாகவும் நிலைக்க வைத்திருந்தால், எந்த மடக்காரனும் எந்த மசூதிக்காரனும் தடியோடு வந்து ஆள் பிடிக்க இடமிராது. கணக்குக் கேட்க உரிமையுள்ள இடத்தில் சாமியின் பேரால் ஒருவனும் ஜாகீர் பேச முடியாது.

கேள்வி கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: வீரம் உமக்கு இருக்கின்றது, அது உம்முடையது. அதை யாருடைய காவித் துணிக்கும், யாருடைய பச்சைக் கொடிக்கும் அடகு வைக்காதீர். அந்நியன் ஒரு நாள் போய்விடுவான். அவன் பேரைச் சொல்லி ஆயுதம் வாங்கிக்கொண்ட உள்ளூர்ச் சாமியார் போகவே மாட்டார்.